பூஜ்யம் எந்தப் பக்கம்?

இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருளை வடிவமைக்கும் மென்பொருளில் வேலை பழகும் பிள்ளைகள் அவ்வப்போது எனக்குக் கோப்பு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அடுக்கு அட்டவணை பார்க்கச் சுத்தமாக இருக்கும். முதல் அடுக்கின் இழைக் கோணம் 0 டிகிரி, அடுத்தது 45, பிறகு மைனஸ் 45, பிறகு 90. தடிமன் சரி, பொருள் சரி, அடுக்குக்கு ஒரு நிறம் கொடுத்துப் படமும் வந்திருக்கும். "இந்த 0 எங்கிருந்து அளந்தது?" என்று கேட்டால் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராது.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் சொல்லாவிட்டாலும் பல மென்பொருள்கள் தாமே ஒரு திசையை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுகின்றன. அபாகஸில் மெல்லிய பரப்பு ஒன்றைக் கொடுத்துத் திசை சொல்லாமல் விட்டால், மாதிரியின் எக்ஸ் அச்சை அந்தப் பரப்பின் மேல் படியவைத்து அதையே முதல் திசையாக வைத்துக்கொள்ளும். எக்ஸ் அச்சு பரப்புக்குச் செங்குத்தாக, 0.1 டிகிரிக்குள், நின்றால் மட்டும் இசட் அச்சுக்குப் போகும். நாஸ்ட்ரானில் அச்சுத்தொகுதி எதையும் சுட்டாமல் வெறும் கோணத்தை மட்டும் கொடுத்தால், பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்த மெஷ்ஷில் உள்ள ஒவ்வொரு நாற்கோணத்துக்கும் அதன் முதல் முனையிலிருந்து இரண்டாம் முனைக்குப் போகும் விளிம்புதான் பூஜ்யம். மெஷ்ஷை மாற்றிப் போட்டால் இழையும் சேர்ந்து திரும்பிவிடும். கணக்கு ஓடும், விடை வரும், சிவப்பு எச்சரிக்கை எதுவும் வராது. எனக்கு இதில் பயமே அதுதான்.

இந்தக் கேள்வியை என்னிடம் மிகத் தெளிவாகக் கேட்டவர் மென்பொருள் பக்கமே வராத ஒருவர். எங்கள் ஊர் தருவைகுளம். தூத்துக்குடிக்கு வடக்கே, கடலை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். பரு வலை போட்டு ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்கிற படகுகள் எங்களுடையவை. கரையோரத் தொழிலுக்கு வள்ளம். மரப்பலகை வள்ளம் குறைந்து பைபர் வள்ளம் நிறைந்துவிட்ட காலம் இது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம் கரையிறங்கு படகுகளைச் சோதித்த நாளிலிருந்தே பைபர் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க வெள்ளம்போல் வந்துவிட்டது. சொந்தத்தில் ஓர் அண்ணன் பைபர் வேலை செய்கிறார். அவர் போடப்போகிற ஒரு வள்ளத்தின் அடிப்பக்கத்துக்கு வழக்கமான மேட், ரோவிங் இரண்டோடு, குறுக்கு மறுக்காகத் தைத்த 45 டிகிரி துணியும், வள்ளத்தின் முதுகெலும்பான ஏராவின் மேல் ஒரே திசை இழை கொண்ட நாடாவும் சேர்க்கலாம் என்று பேசி, நான் கணக்குப் போட்டு ஒரு தாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் மோல்டுக்குள் இறங்கி நின்றுகொண்டு கேட்டார்: "தம்பி, நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்க. எங்கேருந்து நாப்பத்தஞ்சு? ஏராவுலேருந்தா, மேல்விளிம்புலேருந்தா? அணியத்துப் பக்கம் ரெண்டும் ஒண்ணாப் போகாதே."

உண்மைதான். வள்ளத்தின் நடுவில் ஏராவும் மேல்விளிம்பும் ஏறக்குறைய இணையாக ஓடும். முன்முனையான அணியத்தை நெருங்க நெருங்க ஏரா வளைந்து மேலே ஏறும். மேல்விளிம்பும் ஏறும், ஆனால் அதே வளைவில் இல்லை. முன்னால் போகப் போக இரண்டுக்கும் நடுவே பதினைந்து இருபது டிகிரி விலகல் வந்துவிடும். எதிலிருந்து அளப்பது என்று சொல்லாமல் 45 என்று எழுதினால், ஒரே தாளை வைத்து இரண்டு பட்டறைகள் இரண்டு வெவ்வேறு வள்ளங்களைப் போட முடியும்.

இந்தக் கேள்வி ஏன் இத்தனை நாள் எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் கரையில் வழக்கமாகப் போடுகிற வள்ளத்தில் பாதிப் பொருள் மேட். நறுக்கின கண்ணாடி இழை எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கிற விரிப்பு அது; எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான். மீதி ரோவிங். நெசவுத்துணி போல் பாவும் ஊடையும் உள்ளது, நெடுக்கில் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே குறுக்கிலும். வள்ளத்தின் நெடுக்கில் விரித்தாலும் குறுக்கில் விரித்தாலும் பெரிய மாறுதல் இல்லை. ரெசினில் கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் கலந்து, கை வேகத்துக்கு விரித்து, ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்றினால் வேலை முடிந்தது. திசையைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே அந்தப் பொருளில் குறைவு. எடையைக் குறைக்கவேண்டும், டீசல் மிச்சமாகவேண்டும் என்று ஒரே திசை இழைக்கு வந்தால்தான் கதை மாறும்.

எவ்வளவு மாறும்? இழை நெடுக்கில் விறைப்பு 40 கிகாபாஸ்கல், குறுக்கில் 8, சறுக்கு விறைப்பு 4 என்று கொண்ட ஒரு சாதாரணக் கண்ணாடி இழை அடுக்கை எடுத்துக்கொள்வோம். இழுக்கும் திசையிலிருந்து இழை 10 டிகிரி விலகினால் அந்த 40 சுமார் 33 ஆகிவிடும். 45 டிகிரி விலகினால் சுமார் 10. கார்பன் இன்னும் பொல்லாதது. நெடுக்கில் 140, குறுக்கில் 10, சறுக்கில் 5 என்ற அளவில் உள்ள அடுக்கு 5 டிகிரி விலகினால் சுமார் 117க்கு இறங்கும். 10 டிகிரி விலகினால் சுமார் 80. கையால் விரிக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிற பத்து டிகிரி, காசு கொடுத்து வாங்கின விறைப்பில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் தின்றுவிடுகிறது. இது தனி அடுக்கின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். பல திசை அடுக்குகள் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும், இழப்பு இவ்வளவு இருக்காது. ஆனால் குறிப்புத் திசையே தவறாகப் போனால் எல்லா அடுக்கும் ஒருசேரத் திரும்பிவிடும். ஒருவர் கை தவறினால் ஓர் அடுக்கு. பூஜ்யம் தவறினால் முழு உடலும்.

அண்ணனுடைய கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பட்டறைக்கு வெளியே ஒரு பழைய மர வள்ளம் கவிழ்த்துக் கிடந்தது. அதைப் போய்ப் பார்த்தோம். படகுத் தச்சரான ஓடாவி பலகை ஏற்றியிருந்த விதத்தைப் பாருங்கள்: ஏராவை ஒட்டின பலகை ஏராவோடேயே போகிறது. அதற்கு மேல் பலகை கொஞ்சம் குறைவாக வளைகிறது. மேலே போகப் போக வளைவு மாறி மாறி, கடைசிப் பலகை மேல்விளிம்போடு போய்ச் சேர்கிறது. பலகைக்குள் மரத்தின் ரேகை நெடுக்கில் ஓடுகிறது. எந்த ஓடாவியும் ரேகையைக் குறுக்கில் வைத்துப் பலகை ஏற்ற மாட்டார். அவருக்குக் குறிப்புத் திசை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை; மரத்திலேயே அது கண்ணுக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் தொட்டாலும் இங்கே நெடுக்கு எது என்று அந்த வள்ளமே சொல்லிவிடும்.

என் வாதம் இதுதான்: நம் வள்ளத்தின் வடிவத்துக்குப் பூஜ்யம் அந்தப் பலகை ஓட்டம்தான். மாதிரியின் எக்ஸ் அச்சும் அல்ல, மெஷ்ஷின் விளிம்பும் அல்ல. அலை வள்ளத்தின் நடுவில் தூக்கி இரு முனையையும் தொங்கவிடும்போது உடல் வளைவது அந்த நெடுக்கில்தான். விரிப்பவர் கண் போவதும் அந்த நெடுக்கில்தான். பாரம் எப்படிப் போகிறது, கை எப்படிப் போகிறது என்ற இரண்டுக்கும் பொதுவான கோடு ஒன்று கிடைத்தால் அதை விட்டுவிட்டு வேறெதையும் பூஜ்யமாக வைக்கக் கூடாது.

மென்பொருளில் இதை எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். கேட்டியா, ஃபைபர்சிம், ஆன்சிஸ் ஏசிபி எல்லாவற்றிலும் இதற்கான உறுப்புக்கு ரோசெட் என்றுதான் பெயர். ஓர் ஆரம்பப் புள்ளி, பூஜ்யத் திசையைக் காட்டும் ஓர் அச்சு, அதற்குச் செங்குத்தாக இன்னோர் அச்சு. இதோடு பரப்பின் எந்தப் பக்கம் 'மேல்' என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பலர் மற்றவற்றைக் கொடுத்துவிட்டு இந்தக் கடைசியை விட்டுவிடுகிறார்கள். மேல்பக்கம் எது என்று சொன்னால்தான் பிளஸ் 45 எந்தப் பக்கம் சாய்கிறது, மைனஸ் 45 எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே நிச்சயமாகும். வலக்கைக் கட்டைவிரலை மேல்பக்கம் நோக்கி நீட்டினால் மற்ற விரல்கள் மடங்கும் திசை பிளஸ். மேல்பக்கத்தைப் புரட்டிவிட்டால் பிளஸ் எல்லாம் மைனஸ் ஆகும். அடுக்குகளின் வரிசையும் தலைகீழாகும். மோல்டில் முதலில் ஜெல்கோட், அதாவது வெளித்தோல். பிறகு உள்நோக்கி அடுக்கு அடுக்காக. அதனால் மேல்பக்கம் வள்ளத்தின் உட்பக்கத்தைப் பார்க்கவேண்டும். வெளியைப் பார்த்தால், அட்டவணையில் கடைசியாக எழுதின அடுக்கு கடல்நீரைத் தொடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வள்ளத்துக்கு வலப்பக்கம் இடப்பக்கம் இரண்டு. பூஜ்யம் இரண்டிலும் அணியம் நோக்கி, மேல்பக்கம் இரண்டிலும் உள்நோக்கி என்று வையுங்கள். வலக்கை விதியைப் பிடித்துப் பார்த்தால், வலது சுவரில் பிளஸ் 45 இழை முன்னோக்கிப் போய்க்கொண்டே கீழிறங்குகிறது. இடது சுவரில் அதே பிளஸ் 45 முன்னோக்கிப் போய்க்கொண்டே மேலேறுகிறது. இது பிழை அல்ல. ஒரே துணியை வலது விளிம்பிலிருந்து ஏராவுக்கு இறக்கி, அப்படியே இடது விளிம்புக்கு ஏற்றினால் இழை சரியாக அப்படித்தான் போகும். ஆனால் பட்டறையில் பெரும்பாலும் அப்படி விரிப்பதில்லை. வலப்பக்கத்துக்கு ஒரு துண்டு, இடப்பக்கத்துக்கு ஒரு துண்டு, ஏராவின் மேல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரு துண்டை வெட்டி அதன் கண்ணாடிப் பிம்பமாக மறு துண்டை வெட்டி விரித்தால் இரு சுவரிலும் இழை கீழிறங்கும். கணக்கில் ஒன்று, வள்ளத்தில் வேறொன்று. பாதி வள்ளத்தை வரைந்துவிட்டு மறுபாதியை மென்பொருளிலேயே பிரதி எடுப்பவர்களுக்கு இதே சிக்கல் மறுதிசையில் வரும். பிரதி எடுத்த பாதியில் மேல்பக்கம் எங்கே பார்க்கிறது, ரோசெட்டும் சேர்ந்து பிரதியானதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பிளஸ்ஸும் மைனஸும் ஒரே துணியில் சேர்த்துத் தைத்திருந்தால் பெரிய சேதம் வராமல் தப்பலாம். தனித்தனி அடுக்காகப் போட்டால் தப்ப முடியாது. இறுகும்போது வள்ளம் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

பின்பக்க டிரான்சம் பலகைக்கு வருவோம். வெளிப்பொருத்து எஞ்சின் மாட்டுகிற இடம், வள்ளத்தில் அதிகம் அடிவாங்குகிற இடமும் அதுதான். எக்ஸ் அச்சு அணியத்தைப் பார்க்கிறது. டிரான்சம் அந்த அச்சுக்குக் குறுக்கே நிற்கிறது. மொத்த வள்ளத்துக்கும் எக்ஸ் அச்சு ஒன்றையே குறிப்புத் திசையாகக் கொடுத்துவிட்டால் டிரான்சத்தில் என்ன நடக்கும்? முற்றிலும் செங்குத்தாக நின்றால் படியவைக்க எதுவுமே இல்லை. ஒரு புள்ளிதான் விழும். நடைமுறையில் டிரான்சம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு பத்து டிகிரியே ஆனாலும், எக்ஸ் அச்சு அதன் மேல் படியும்போது கிடைக்கும் திசை மேலிருந்து கீழ். எஞ்சின் தள்ளும் வேகத்தில் டிரான்சம் இரு சுவருக்கு நடுவே வளையும், அதற்கு நெடுக்கு இழை பக்கவாட்டில் ஓடவேண்டும் என்று நினைத்து 0 என்று எழுதியிருப்பீர்கள். மென்பொருளில் அது நேர் செங்குத்தாக நின்றுகொண்டிருக்கும், 90 டிகிரி பிசகி. அணியத்தின் கூர்முனையிலும் இதே கதைதான். அங்கே பரப்பு முன்னால் பார்ப்பதால் படியவைத்த திசை பக்கத்துக்குப் பக்கம் தாறுமாறாகத் திரும்பும். ஆகவே டிரான்சத்துக்குத் தனி ரோசெட், அதில் பூஜ்யம் வலச்சுவரிலிருந்து இடச்சுவருக்கு. அணிய முனைக்கு இன்னொன்று, அதில் பூஜ்யம் ஏராவின் ஏற்றத்தோடு. ஒரு வள்ளத்துக்கு மூன்று நான்கு ரோசெட் வைப்பது குழப்பம் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றை மட்டும் வைத்து நான்கு இடத்தில் பொய் சொல்ல வைப்பதைவிட இது மேல்.

சுவருக்கும் அடிப்பக்கத்துக்கும் பலகை ஓட்டத்தைக் கொண்டுவரப் பல வழிகள். ஆன்சிஸ் ஏசிபியில் விளிம்பைப் பின்தொடரும் வகை ரோசெட் உண்டு. ஏராவையும் மேல்விளிம்பையும் விளிம்புக் கோடுகளாக எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் அருகில் உள்ளதற்கேற்பத் திசையைப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லலாம். வழிகாட்டும் வளைகோட்டைக் கொடுக்க இடமுள்ள மென்பொருளில் இன்னும் எளிது: பழைய மர வள்ளத்தின் பலகைச் சேர்ப்புகளை அளந்து அதையே வளைகோடாகப் போட்டுவிடலாம். நாங்கள் ஏரா, மேல்விளிம்பு, நடுவே ஒரு பலகைச் சேர்ப்பு என்று மூன்றை எடுத்தோம். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் நீங்கள் சொன்னது விருப்பம் மட்டுமே. துணி அதற்குச் சம்மதிக்கவேண்டும். தட்டையான துணியை இரு பக்கமும் வளைந்த பரப்பில் போர்த்தினால் அது எங்கோ நெருங்கி எங்கோ விரியத்தான் செய்யும். இதைக் கணக்காகப் பார்த்தவர்களில் முன்னோடி ரஷ்யக் கணிதர் செபிஷேவ். உடைக்குத் துணி வெட்டுவது பற்றி 1878இல் பாரிசில் அவர் கொடுத்த உரைதான் அடிப்படை. நூல் நீளாது, நூல்கள் கடக்கும் இடம் நழுவாது, நூல்களுக்கு நடுவே உள்ள கோணம் மட்டும் மாறும் என்று அவர் எடுத்துக்கொண்டார். இன்றைய மென்பொருள்கள் துணி படிவதைக் கணிக்கும் எளிய முறைக்கு மீன்வலை முறை என்றே பெயர். எங்கள் ஊரில் இதை விளக்கப் படம் தேவையில்லை. பரு வலையைக் கையில் பிடித்து மூலைவாட்டில் இழுத்தால் சதுரக் கண் சாய்சதுரமாகும், இழுக்கிற பக்கம் நீளும், மறுபக்கம் ஒடுங்கும், கயிறு மட்டும் நீளாது. ஒரு கட்டத்துக்கு மேல் கண் மூடிவிடும். துணியிலும் அந்தக் கட்டம் உண்டு. அதைத் தாண்டினால் சுருக்கம் விழும், சுருக்கத்துக்கு அடியில் ரெசின் தேங்கும்.

வலை எங்கிருந்து விரியத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே மீதிக் கண்களின் கோணம் அமைகிறது. மென்பொருளும் அதனால்தான் ஒரு தொடக்கப் புள்ளியையும் தொடக்கத் திசையையும் கேட்கும். பலர் அதில் பரப்பின் மையத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் கருத்து வேறு. மோல்டில் இறங்கி நிற்பவரின் கை முதலில் எங்கே துணியை அமுக்குகிறதோ அதுவே தொடக்கப் புள்ளி. அண்ணன் ஏராவின் நடுவில் அமுக்கி, பின்பக்கம் போய், பிறகுதான் அணியத்துக்கு வருவார். அப்படியே மென்பொருளில் கொடுத்தேன். அணியத்தின் இரு கன்னத்திலும் கோணம் எவ்வளவு மாறுகிறது என்று படம் வந்தது. அங்கே துணியில் ஒரு வெட்டு விட்டு இரு துண்டாக விரிப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அவர் இத்தனை வருஷமும் கை உணர்விலேயே அங்கேதான் வெட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வள்ளத்தோடு நிற்கிற விஷயம் இல்லை இது. தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் 1986இல் 55 கிலோவாட் காற்றாலைகள் நட்டபோது அவற்றின் இறக்கைகள் சின்னவை. இன்று 80 மீட்டரைத் தாண்டிய இறக்கைகள் வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலேறுகின்றன. புறவழிச்சாலையில் அவை போவதைப் பார்க்காதவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். அந்த இறக்கைக்குள் அடிமுதல் நுனிவரை ஓடும் முதுகெலும்புப் பட்டையில் இழை எல்லாம் ஒரே திசை. வெளித்தோலில் முறுக்கைத் தாங்க இருபுறமும் 45. இறக்கை நுனி நோக்கி முறுக்கிக்கொண்டே போகும் வடிவம். அதற்குப் பூஜ்யம் எது என்பதை வேரில் வட்டமாக இருக்கும் இடத்திலிருந்தே தீர்மானித்துக்கொண்டு போகவேண்டும்.

எங்களுக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட்டிலும் இதே பூஜ்யக் கேள்வி உண்டு. அதன் மோட்டாரின் கூட்டை இழை சுற்றிச் செய்யும்போது கோணம் ஒன்று அடிக்கடி வரும்: 54.7 டிகிரி. மூடிய உருளையில் உள்ளழுத்தம் சுற்றுத் திசையில் நெடுக்கைப்போல் இரு மடங்கு இழுக்கிறது. இழை மட்டுமே பாரம் தாங்குகிறது என்று எடுத்துக்கொண்டால் இரண்டையும் சமாளிக்கும் கோணம் அதுதான். ஆனால் அது உருளையின் அச்சிலிருந்து அளந்தது. ஒருவர் சுற்றுத் திசையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால் அதே இழை 35.3 டிகிரி. அச்சைப் பூஜ்யமாக வைத்தவர் 54.7 என்று எழுத, சுற்றுத் திசையைப் பூஜ்யமாக வைத்தவர் அதைப் படித்துச் சுற்றினால் கூடு அழுத்தம் தாங்காது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து 1980 ஜூலை 18 அன்று ஏவின எஸ்எல்வி-3 ராக்கெட்டின் மேல்நிலை மோட்டார்களுக்கு இழைக் கூட்டுப்பொருள் கூடுதான். அதை வடிவமைத்த தும்பாவில் அந்தக் காலத்தில் இதற்கு மென்பொருள் திரையில் அம்புக்குறி பார்க்கும் வசதி கிடையாது.

மென்பொருள் பக்கமும் நம்மவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். தேஜஸ் விமானத்தின் உடலில் எடைக்கணக்கில் 45 விழுக்காடு அளவுக்குக் கூட்டுப்பொருள். அதற்காக பெங்களூரில் உள்ள வானூர்தி மேம்பாட்டு முகமை ஆட்டோலே என்ற கூட்டுப்பொருள் வடிவமைப்பு மென்பொருளையே எழுதியது. தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. இறக்கைத் தோலில் ஒவ்வோர் அடுக்கையும் எந்தத் திசையில், எந்த எல்லைவரை வெட்டுவது என்பதைக் கைவரைபடத்தில் தீர்க்க முடியாது என்று அன்றைக்கே உணர்ந்து செய்த வேலை. நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கவேண்டியது என்று நினைக்கிறேன்.

பட்டறைக்குத் திரும்புகிறேன். திரையில் தீர்ந்தது மோல்டுக்குப் போகாவிட்டால் பயனில்லை. தாளின் தலையில் அட்டவணைக்கு மேலே இப்படி எழுதினேன்: 'சுவருக்கும் அடிக்கும் 0 என்பது பலகை ஓட்டத்தோடு அணியம் நோக்கி. டிரான்சத்துக்கு 0 என்பது வலச்சுவரிலிருந்து இடச்சுவருக்கு. பார்ப்பது மோல்டுக்குள் நின்று.' இதைப் படித்தபிறகு அண்ணன் மெழுகு பூசுவதற்கு முன் மோல்டின் விளிம்பில் ஒரு முழத்துக்கு ஒரு கோடு கீறி வைத்தார். மோல்டுக்கு மேலே இந்த விளிம்புக் கோட்டுக்கும் ஏராவின் கோட்டுக்கும் நடுவே நூல் கட்டினால் துணியின் பாவு எங்கே போகவேண்டும் என்று தெரியும். ரெசின் நனைத்த பிறகு இழை கண்ணாடியாகத் தெளிந்து திசை தெரியாமல் போய்விடுவதால், துணியின் ஓரத்தில் வண்ணநூல் ஓடுகிற ரகத்தை வாங்கச் சொன்னேன். கொஞ்சம் விலை கூடுதல். வாங்கினார்.

திரையில் சரிபார்க்க நான் கைக்கொள்ளும் வழி எளிதானது. எல்லா அடுக்கையும் அணைத்துவிட்டு ஒரே திசை இழை கொண்ட ஓர் அடுக்கை மட்டும் 0 என்று வைப்பேன். அம்புக்குறிகளைப் பரப்பு முழுக்க வரவழைத்து அணியம், டிரான்சம், ஏரா மூன்று இடத்திலும் நெருங்கிப் போய்ப் பார்ப்பேன். பிறகு வள்ளத்தின் நடுப்பகுதியை மட்டும் நெடுக்கில் இழுத்து, விறைப்பு 40 பக்கம் வருகிறதா என்று பார்ப்பேன். அதற்கப்புறம் அதே அடுக்கை 90 என்று மாற்றினால் 8 பக்கம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பூஜ்யம் திரும்பியிருக்கிறது. மெஷ்ஷை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யவேண்டும். சலிப்பாக இருந்தாலும் விடக்கூடாது.

உண்மையான உடலில் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. வள்ளத்தில் தண்ணீர் வெளியேறும் துளைக்காக வெட்டி எடுக்கிற வட்டத் துண்டைத் தூக்கி எறியவேண்டாம். அதைச் சூளையில் 565 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் ரெசின் எரிந்துபோய்க் கண்ணாடி இழை மட்டும் அடுக்கடுக்காக மிஞ்சும். ஒவ்வோர் அடுக்காக மெல்ல உரித்து எண்ணலாம், கோணமும் அளக்கலாம். துளை போடுவதற்கு முன்பே அந்த வட்டத்தின் மேல் அணியம் நோக்கி ஓர் அம்புக்குறியை ஆணியால் ஆழக் கீறச் சொல்லுங்கள். சூளைக்குள் வைக்கும் தட்டிலும் அதே குறியைப் போட்டு, துண்டை அதற்கு நேராக வையுங்கள். பேனாக் குறி தீயில் போய்விடும். அம்புக்குறி இல்லாத துண்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதைத்தான் அளக்க முடியும். வள்ளத்துக்கு எவ்வளவு சாய்ந்திருந்தன என்பதை அளக்க முடியாது.